நனைந்த சேலைக்காரிகள்

ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டுப் பிளீச்சிங் பட்டறைக்கு ஈரத்துணி சுமக்கப் போனால் திருப்பூரில் என்ன சொல்வார்கள்? கிறுக்கு என்பார்கள். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து செய்யும் வேலை, கேட்க ரேடியோ, நேரத்துக்கு டீ. அத்தனையையும் உதறிவிட்டு, பவுடர் கரைத்த தண்ணீரில் கால் வெந்துபோகிற இடத்துக்கு எவளாவது தானாகப் போவாளா? சூப்பர்வைசரோடு சண்டை என்று சிலர் பேசிக்கொண்டார்கள். எனக்கு வாய் நீளம் என்பது திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும், அதனால் எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள். நானும் ஆமாம், சண்டைதான் என்று சொல்லிவிட்டேன். நிஜக் காரணத்தைச் சொல்வதைவிட அந்தக் கெட்ட பெயர் எவ்வளவோ மேல்.

நிஜக் காரணம் இதுதான். தலைப்பிரசவத்துக்குப் பிறகு எனக்குச் சிறுநீர் நிற்கவில்லை. நின்றாலும் உட்கார்ந்தாலும் தூங்கினாலும் அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டே இருந்தது.

எண்பதுகளின் நடுவில் அது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பதால், அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. பக்கத்துத் தோட்டத்து மருமகளுக்கு டவுனில் கத்தி வைத்துக் கிழித்துத் தையல் போட்டார்களாம், அவள் மாதக்கணக்கில் ஒருக்களித்தே உட்கார்ந்திருந்தாளாம். அது அம்மாவின் மனதில் நன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டது. "எம்புள்ள மேல கத்தி படக்கூடாதுங்க, தன்னால வரட்டும்" என்று மருத்துவச்சியிடம் சொல்லிவிட்டாள். ஒரு பகல் போனது, ஓர் இரவு போனது, மறு பகலும் போனது. தலை இறங்கி வந்து அப்படியே நின்றுவிட்டது. இனி என்னால் ஆகாது என்று மருத்துவச்சி கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் வண்டி தேடினார்கள். அந்த நேரத்துக்குக் கிடைத்தது பனியன் மூட்டை ஏற்ற வந்த ஒரு டெம்போ. மூட்டைகளின் மேலேயே என்னைப் படுக்கவைத்துத் திருப்பூருக்குக் கொண்டுபோனார்கள்.

நர்சிங் ஹோமில் டாக்டரம்மா அம்மாவைப் பார்த்த பார்வையை அந்த வலியிலும் நான் கவனித்தேன். "இவ்வளவு நேரம் ஊட்டுல வெச்சுட்டு என்னம்மா பண்ணுனீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பிறகு மளமளவென்று வேலை நடந்தது. கீழே வெட்டி, இடுக்கி மாதிரி ஒரு கொறடு போட்டு இழுத்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு காதோரமும் கொறடு பதிந்த தடம் சிவந்திருந்தது. அது வாய் திறந்து அழுகிற வரைக்கும் எனக்கு உயிர் உயிராக இல்லை. அழுத பிறகு, எங்கே எத்தனை தையல் போட்டார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை.

சிறுநீர் போவதற்கு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதை எடுத்த அன்றுதான் ஆரம்பித்தது. படுக்கை நனைந்திருக்கிறதே என்று குழந்தையின் துணியைத் தொட்டுப் பார்த்தேன். அது காய்ந்திருந்தது. நனைத்தது நான். நர்ஸிடம் சொன்னதற்கு, "தையல் போட்ட எடமுங்க, கொஞ்ச நாளைக்கு லூசாத்தான் இருக்கும், தன்னால சரியாயிரும்" என்றாள். மாதங்கள் போயின, தன்னால் எதுவும் சரியாகவில்லை. "நான் அப்பவே சொன்னனே, கத்தி வெச்சா இப்படித்தான் ஆகும்னு" என்று அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அந்தக் கொறடை நான் வாயாரத் திட்டாத நாள் கிடையாது.

புருஷன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒரே வீட்டில் இரண்டு பேர் நனைத்துக்கொண்டிருந்தோம். மகள் நனைத்தால், "என்ற தங்கம் மடியெல்லாம் நனைச்சுப்போட்டுது" என்று ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சினார்கள். என்னைக் கொஞ்ச யார் இருக்கிறார்கள்? மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் சில மாதங்கள் என் பாயை அவரே வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற பொடக்காலிக்கு எடுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றி அலசிப் போட்டார். ஆனால் அவரும் மனுஷிதானே, சலித்துப்போனார். ஒருநாள், "சாமி படத்துக்கிட்ட மட்டும் வராத கண்ணு" என்றார். அதையும் மெதுவாக, யாருக்கும் கேட்காமல்தான் சொன்னார். சண்டையாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் அப்படிச் சொன்னதால் பொடக்காலிக்குள் போய் அழ மட்டும்தான் முடிந்தது.

என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். அவர் பேசுகிற பேச்சை எண்ணிவிடலாம், அப்படி ஓர் ஆள். பனியனுக்குக் கழுத்து வெட்டும்போது வட்டவட்டமாகத் துண்டுகள் விழும். அவற்றை ஒரு பை நிறைய எடுத்து வந்து, "மெஷின் தொடைக்க ஆகும்" என்று சொல்லிக் கதவுக்குப் பின்னால் வைப்பார். எங்கள் வீட்டில் மெஷினே கிடையாது. பையைக் கொட்டிப் பார்த்தால் அத்தனையும் வெள்ளைத் துண்டு. சாயத்துணி பட்டால் ஈரத்தில் வெந்த தோல் எரியும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ, ஒரு கலர்த் துண்டுகூட இருக்காது. அந்தத் துண்டுகளை அடுக்கி வைத்துக் கட்டிக்கொண்டுதான் என் நாட்கள் ஓடின. இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இருந்தது, உருகவும் உருகினேன்.

நானும் என் பங்குக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். உள்ளே போனால்தானே வெளியே வரும்? காலையில் அரை டம்ளர் காபி, மத்தியானம் சோற்றோடு இரண்டு மிடறு தண்ணீர், அவ்வளவுதான். ஈரம் குறையவில்லை, வாடைதான் கூடியது. தொடை இரண்டிலும் புண். தேங்காய் எண்ணெயை அப்பிக்கொண்டு காலை அகட்டி அகட்டி நடந்தேன்.

குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மறுபடி தைக்கப் போனேன். ஸ்டூலில் மடித்த துணி போட்டு உட்காருவேன், வேலை முடிந்தால் எல்லோரும் போன பிறகு எழுந்திருப்பேன். ஒருநாள் தைத்து முடித்த வெள்ளை பனியன் ஒன்று நழுவி எனக்கு அடியில் போயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. செக்கிங் செய்கிற பெண் அதைத் தூக்கிப் பிடித்து, "இது எந்த மெஷின்லீங்க? ஆயிலும் இல்ல, டீயும் இல்ல, என்ன கறைன்னே தெரியலீங்க" என்று ஹால் முழுக்கக் கேட்டாள். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியது. என்னைப் பார்த்தாள், அதை ரிஜெக்ட் கூடையில் போட்டாள். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக்கூடாதா என்றிருந்தது. அத்தோடு அந்தக் கம்பெனிக்கு நான் போகவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் ஆற்றோரம் ஒரு பிளீச்சிங் பட்டறை. தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற இடம்தான். அன்றைக்கு நின்று பார்த்தேன். தொட்டியில் ஊறிய பனியன் துணியைப் பெண்கள் அலசி, பிழிந்து, இடுப்பில் சுமந்துபோய்க் களத்தில் விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாக்கியில்லாமல் இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பவுடர் நெடியில் வேறு எந்த வாடையும் அங்கே தலைகாட்ட முடியாது. எனக்கு அந்த இடத்தைப் பார்க்கப் பார்க்க அழுகையும் வந்தது, ஒரு நிம்மதியும் வந்தது. மறுவாரமே போய் வேலை கேட்டேன்.

வேலை கஷ்டம்தான். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து வெள்ளையாகும், கண் எரியும். ஆனால் வருஷக்கணக்கில் முதல் தடவையாக நான் மனிதர்கள் நடுவில் பயமில்லாமல் நின்றேன். சிரித்தேன், வம்பு பேசினேன், யார் சேலைக்கு என்ன விலை என்று கேட்டேன். ஈரத்துணியைப் பிழிவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரும் புதிருமாக முறுக்க வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவர் ஓர் அக்கா. என் அம்மாவுக்குக் கொஞ்சம்தான் இளையவர். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, அண்ணன் வீட்டில் ஒண்டிக் குடித்தனம். வேலையில் புலி. மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கோயிலுக்குப் போவார் என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். வெயில் நாளில் இயேசு கோயிலில் இருக்கமாட்டாரா என்று நானும் சேர்ந்து கேலி செய்திருக்கிறேன். அக்கா சிரித்துக்கொண்டு துணியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்குவார்.

பட்டறையில் நான் பயந்த ஒரே நாள் ஆயுத பூஜை. அன்றைக்குத் தொட்டிகளைக் கழுவிக் காயப்போட்டு, மோட்டாருக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டிருப்பார்கள். எங்கேயும் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. எல்லோரும் புதுச்சேலை கட்டி வந்து, வரிசையாகப் பாயில் உட்கார்ந்து பொரியும் சுண்டலும் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் வருஷம் காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்தேன். அடுத்த வருஷம் முதலாளி ஆள் விட்டே கூப்பிட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் ஒரு யோசனை செய்தேன். பின்பக்கக் குழாயடிக்குப் போய், குடம் கைநழுவிவிட்ட மாதிரி தண்ணீரை மேலே கொட்டிக்கொண்டால், நனைந்த சேலைக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். புதுச்சேலை போனால் போகட்டும் என்று பின்பக்கம் போனேன்.

அங்கே அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் குடம். சுற்றுமுற்றும் பார்த்தார், சுவரோரம் நின்ற என்னை மட்டும் பார்க்கவில்லை. இடுப்புக்குக் கீழே, பின்பக்கம் முழுக்க நனைகிற மாதிரி, நிதானமாக ஊற்றிக்கொண்டார். குடத்தைக் கீழே உருட்டிவிட்டார். "அடக் கெரகமே, வழுக்கிப்போட்டுது பாரு" என்று முன்பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் இது என்று அதுவரை நினைத்திருந்தேன். போய்க் குடத்தை எடுத்தேன், குழாயில் நிரப்பினேன், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் புதுச்சேலையில் ஊற்றிக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.

"உனக்குமா கண்ணு?"

"ஆமாங்க்கா."

அவ்வளவுதான் பேசினோம். ஈரச் சேலையோடு போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தோம். "பெரிய மனுசிகளைப் பாருங்க, கொழாயடில வெளையாடிட்டு வந்திருக்குதுங்க" என்று எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டே பொரி தின்றோம்.

மறுநாள் துணி முறுக்கும்போது அக்கா சொன்னார். பதினெட்டு வயதில் ஒரே பிரசவம், வீட்டிலேயே நாள்கணக்கில் வலி. குழந்தை இறந்துதான் பிறந்தது. அன்றிலிருந்து இப்படி. வாடை தாங்காமல் புருஷன் கொண்டுவந்து அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, வேறு கல்யாணம் செய்துகொண்டான். ஒரு டாக்டரிடமும் அக்கா போனதில்லை. "இதெல்லாம் போயி ஆரு கிட்ட சொல்றது கண்ணு? நம்ம தலையெழுத்துன்னு கம்முனு இருந்துட்டேன்." எனக்கு வந்த கோபத்தில் துணி கிழிந்திருக்கும். யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. அந்த ஆள் மேலா, அண்ணன் வீட்டார் மேலா, இத்தனை வருஷம் கம்முனு இருந்த இவர் மேலா? "நாம ரெண்டு பேரும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போறோமுங்க. நீங்க பேச வேண்டாம், நான் பேசிக்கறேன்" என்றேன். நானும்தான் அதுவரை வாயைத் திறந்ததில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில், அக்காவுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன். அக்கா தன் அண்ணன் வீட்டில் எனக்குத் துணை என்று சொல்லியிருந்தார். கோயமுத்தூர் டாக்டரம்மா, "யாருக்கும்மா உடம்புக்கு?" என்று கேட்டபோது நான் அக்காவைக் காட்டினேன், அக்கா என்னைக் காட்டினார். டாக்டரம்மா இரண்டு பேர் சேலையையும் ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு பேருமே உள்ள வாங்க" என்றார். மூக்கைச் சுளிக்கவில்லை. அதற்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பார்த்து முடித்துவிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "குழந்தை தலை ரொம்ப நேரம் ஒரே எடத்துல நின்னு அழுத்துனதுல, எலும்புக்கும் தலைக்கும் நடுவுல இருந்த சதை செத்துப்போச்சும்மா. அது உதிர்ந்து மூத்திரப்பையில ஓட்டை ஆயிருச்சு. அதை மூடித் தைக்கலாம்." நான் கொறடைப் பற்றிக் கேட்டேன், கத்தி வைத்ததைப் பற்றிக் கேட்டேன். "அதுனால வந்ததில்ல. முன்னாடியே வந்து கத்தி வெச்சிருந்தாங்கன்னா அநேகமா இது வந்தே இருக்காது" என்றார். அத்தனை வருஷம் நான் திட்டியதெல்லாம் வீண். உதவி செய்ய வந்த கொறடைத் திட்டியிருக்கிறேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, கடைசி வரைக்கும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தானே செய்தாள்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போயிட்டு வா. புள்ளைய நான் பாத்துக்கறேன். எத்தன நாளானாலும் பரவால்ல" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் ஒரே மூச்சில் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

முதலில் எனக்கு ஆபரேஷன். உடனிருந்து பார்த்துக்கொண்டது அக்கா. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். குடிக்காமல் இருந்து பழகிய தொண்டைக்கு அது பெரிய தண்டனை. அக்கா டம்ளரை வாயருகே பிடித்துக்கொண்டு விடமாட்டார். குழாயை எடுத்த அன்று படுக்கை நனையவில்லை. மறுநாளும் நனையவில்லை. நான் படுக்கையைத் தடவித் தடவிப் பார்த்தேன். அக்கா எனக்கு நெற்றியில் முத்தம் கொடுத்தார். இன்னொரு பிள்ளை பெற்றால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

அடுத்தது அக்காவுக்கு. பழைய ஓட்டை, பெரியது, ஓரமெல்லாம் தழும்பேறி இறுகிவிட்டது, கஷ்டம்தான் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். குழாயை எடுத்த அன்றே நனைந்துவிட்டது. அக்கா அழவில்லை. எழுந்து தானே விரிப்பை உருவி அலசப் போனார். சில மாதம் கழித்து வந்தால் இன்னொரு தடவை முயற்சி செய்து பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அக்கா சரி என்று தலையை ஆட்டினார். அவர் வரமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சில மாதங்கள் போயின. நான் இன்னும் பட்டறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். "உனக்குத்தான் சரியாப்போச்சே, மெஷினுக்குப் போகாம இங்க எதுக்குக் கண்ணு கால வேக வெச்சுக்கிட்டு இருக்கற?" என்று அக்கா கேட்டார்.

"நீங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க, நான் போறேன்."

"ஒருக்கா அறுத்தாச்சு, போதும். எனக்கென்ன, புருசனா புள்ளையா? ஆருக்கோசரம்?"

"உங்களுக்கோசரமுங்க. வேற ஆருக்கு?" கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டேன். "நீங்க வல்லைன்னா நானும் இங்கியேதான் இருப்பேன். இந்தத் தொட்டிலயே கெடந்து அழுகிப் போறேன். அந்தப் பாவம் உங்களுக்குத்தான்."

அக்கா தன் முனையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "உனக்கு வாய் ரொம்பத்தான் நீளம்" என்றார். ஆனால் வந்தார்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு அவரை அசையவிடவில்லை. நான் கூடவே கிடந்தேன். குழாயை எடுக்கப் போகிறார்கள் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே போய் எந்த சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல், அவருடைய சாமியையும் சேர்த்துக் கும்பிட்டேன். குழாயை எடுத்தார்கள். படுக்கை காய்ந்திருந்தது. எங்கள் இருவருக்கும் அதை நம்புகிற தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா என் கையை இறுகப் பிடித்தார். முகம் வெளுத்திருந்தது.

"கண்ணு, டாக்டரைக் கூப்புடு. உள்ள என்னமோ ஆகிப்போச்சு. அடிவயித்துல கனமா, பிடிச்சு அழுத்தற மாதிரி இருக்குது. தையல் விட்டுப்போச்சாட்டம் இருக்குது."

நர்ஸைக் கூப்பிட ஓடினேன். கதவுவரைக்கும் போனவள் நின்றேன். திரும்பி வந்து, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்டேன். அவர் கையை வைத்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"அக்கா, அது வலி இல்லீங்க. உங்களுக்கு ஒண்ணுக்கு வருதுங்க."

அவர் என்னையே பார்த்தார். பதினெட்டு வயதுக்குப் பிறகு அப்படி ஒன்று தனக்கு வந்ததே இல்லை என்பதால் அது எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டுபோய்க் கக்கூஸில் விட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். முதலில் சத்தமே இல்லை. பிறகு தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நடுவில் நின்றது. மறுபடியும் கேட்டது, மறுபடியும் நின்றது. எனக்குப் பதறிவிட்டது.

"அக்கா, என்னங்க ஆச்சு? நின்னு நின்னு வருதா?"

"இல்ல கண்ணு" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. "நானேதான் நிறுத்தறேன். நிறுத்துனா நிக்குது."